அழிக்காத முப்பத்தெட்டு

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் ஹால்வரின் நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. ஆறு வருடம் இதில் உட்கார்ந்திருக்கிறான். ஒருநாளும் சொன்னதில்லை.

வெர்லின் வீட்டு நிலவறை. ஹீட்டரின் இரைச்சல். மேஜையில் பகடைகள், பென்சில்கள், ஆர்லோ கொண்டுவந்த மான்கறி சாசேஜ். பகடை உருட்டி ஆடும் கதையாட்டம்; ஆளுக்கொரு பாத்திரம், அதன் உயிர் எண் எழுதிய ஒரு தாள். வெர்லின் மட்டும் மறைப்பு அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்துகிறவர். ட்வைலாவின் பாத்திரம் இல்சே, காயம் ஆற்றுகிறவள். ஆர்லோவுடையவன் ஒரு திருடன். என் அண்ணனுடையவன் ஓஸ்வின், கேடயக்காரன்.

அண்ணனின் விபத்துக்குப் பிறகு ஓஸ்வின் ஒரு சத்திரத்தில் காய்ச்சலாகப் படுத்திருப்பதாக வெர்லின் கதையை இழுத்துக்கொண்டிருந்தார். இனி முடியாது என்றார்.

"யாராவது அவனத் தூக்கி நிறுத்தணும்மா. இல்லன்னா அங்கேயே விட்டுட்டுத்தான் போகணும். நீ சொல்லு."

விடமாட்டேன் என்றேன்.

நான் புதியவள் என்பதால் மேஜையின் சட்டத்தைச் சொன்னார். தாளை யாருக்கும் காட்டக்கூடாது. அடிபட்டால் உடம்பைச் சொல்ல வேண்டும், எண்ணைச் சொல்லக்கூடாது. தோள் கிழிந்தது, வாயில் ரத்தம், இப்படி. எவ்வளவு உயிர் மிச்சம் என்பது அவரவர் தாளுக்கு மட்டும் தெரியும். வெர்லினும் கணக்கு வைப்பதில்லை. "சண்டையில பக்கத்துல நிக்கறவனோட எண்ணு யாருக்குத் தெரியும்?"

"தலைவர் வேதம் ஓதிட்டாரு. சாப்பிடு பொடிசு" என்றான் ஆர்லோ. அண்ணனோடு பள்ளியில் படித்தவன். என்னை ஏழு வயதிலிருந்து பொடிசு என்கிறான்.

ஒரு கோடாலி. பகடையை உருட்டி, அடி ஒன்பது என்றார் வெர்லின். "தோள்ல வெட்டு. தாங்கறான்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

பிறகு ரப்பரை எடுத்தேன்.

ஹால்வர் இடதுகைக்காரன். எழுதியதையே கை தேய்த்துக்கொண்டு போகும், அதனால் அவன் தாள் முழுக்கப் புகை படிந்தது போல் இருக்கிறது. உயிர்: 38. எட்டை இரண்டு வட்டமாகப் போடுவான், ஒன்றின்மேல் ஒன்று, பனிமனிதன் மாதிரி. அந்த இடத்தில் மட்டும் தாள் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. ஆறு வருடம் அழித்து அழித்து எழுதிய இடம்.

ரப்பரைத் திரும்ப வைத்துவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளலாம். இருபத்தொன்பது.

ஜனவரி 14

ஆஸ்பத்திரியில் ஹால்வருக்கு ஒன்பது வாரம். கண் திறந்திருக்கிறது. பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லாம் அவனுக்குச் சொன்னேன், கோடாலி, தோள். தாதி வந்து "வசதியா இருக்காரு" என்றாள்.

எவ்வளவு வசதி?

இங்கேயும் உடம்பைத்தான் சொல்கிறார்கள்.

ஜனவரி 15

ஓஸ்வின் நிற்கும்வரை ஹால்வரும் இருப்பான்.

எழுதிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் நிகழ்தகவு படித்தவள் எழுதியது இது. அடித்துவிடலாம். அடிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பதினைந்து. ஈட்டி. மனதில் பதினான்கு. தாளில் முப்பத்தெட்டு.

மதியம் ஆட்டத்துக்கு முன் ஒரு வெற்றுத் தாளில் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஓஸ்வின் யாரோ ஒரு குமாஸ்தா மாதிரி இருந்தான். கிழித்துப் போட்டேன்.

ட்வைலா, இல்சேயின் குரலில்: "கேடயக்காரரே, கிட்ட வாங்க, பாக்கறேன்."

"வேண்டாம் சகோதரி. வயித்துல ஒரு கீறல்தான்."

அவள் ஆற்றினாலும் எண் மாறும். எண் மாறினால் அழிக்க வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

இரண்டு நடந்தன. வரிசையாக எழுத வேண்டும்.

ஒன்று. பதினேழு. சொல்லும்போது வெர்லின் பகடையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பதினான்கிலிருந்து பதினேழு. மைனஸ் மூன்று. பூஜ்யத்துக்குக் கீழே போனால் அங்கேயே சாவு, அது பழைய சட்டம். நான் வாயைத் திறந்தபோது வந்தது: "ஒரு முட்டி மண்ணுல. கேடயம் இன்னும் மேலதான் இருக்கு."

"அப்படிப் போடு!" என்று ஆர்லோ மேஜையில் அடித்தான். பகடைகள் குதித்தன. "அடேய் ஹால்வர், பார்த்தியாடா உன் தங்கச்சிய!"

ட்வைலா சாசேஜைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தாள், யாரும் சாப்பிடாத துண்டுகள்.

இரண்டு. அங்கிருந்து நேராக அவனிடம் போனேன். கையைப் பிடித்து "நீ விழல, நீ விழல" என்றேன். அவன் விரல்கள் என் விரல்களை அழுத்தின. அழுத்தின. கற்பனை இல்லை. என் மோதிரம் பக்கத்து விரலில் பதிந்து ஒரு கோடு. இதை எழுதும்போதும் இருக்கிறது.

தாதி: "அனிச்சையா இருக்கும்மா. பலருக்கும் வரும்."

அவளுக்கு மைனஸ் மூன்று தெரியாது. நான் சொன்ன பொய்யும் தெரியாது.

ஜனவரி 27

மோதிரக் கோடு போய்விட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சண்டை இல்லை. பனியில் ஓர் ஆற்றை நோக்கி நடந்தோம். நன்றி, யாருக்கோ.

கிளம்பும்போது ட்வைலா என் காருக்கு வந்தாள். தொப்பி இல்லை, காது சிவந்திருந்தது. மைனஸ் இருபது இருக்கும் வெளியே.

"எப்படி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நான் இல்சேயா கேக்கல."

"நானும் ஓஸ்வினா சொல்லல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் படிந்த பனியை எனக்காகச் சுரண்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 5

விரல் அழுத்தவில்லை. நேற்றும் இல்லை. நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? எந்தப் பொய் போதவில்லை?

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

பாலம். குறுகலானது, ஓர் ஆள் அகலம். அந்தப் பக்கம் ஏதோ பெரியது வருகிறது, வெர்லின் உருவத்தைச் சொல்லவில்லை, பலகைகள் அதிர்வதை மட்டும் சொன்னார். திருடன் குற்றுயிராகக் கிடக்கிறான். இல்சேயிடம் ஆற்றும் சக்தி ஒருமுறைக்குத்தான் மிச்சம். யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டும்.

"கேடயக்காரரே, உங்களால தாங்க முடியுமா?"

"முடியும். நீ அவனப் பாரு."

அவள் எனக்குப் பின்னால் மண்டியிட்டாள். அதாவது இல்சே. திருடனின் நெஞ்சில் கை வைத்தாள். முதுகு பாலத்தின் பக்கம். நடுவில் ஓஸ்வின்.

வெர்லின் பகடையை எடுத்தார். பெரிய பலமுகப் பகடைகள் ஐந்தாறு, ஒரு கைக்குள் அடங்காமல். அவ்வளவும் ஓஸ்வின்மேல் விழப்போகிறது. இதற்கு மேல் எந்த முட்டியை ஊன்றச் சொல்வேன்? யார் நம்புவார்கள்? எண்ணைக் கேட்பார்கள். கேட்டால் அவன் இல்லை. அவன் இல்லை என்றால்—

"ஓஸ்வின் பின்னாடி வர்றான்" என்றேன்.

"என்ன?"

"ஒதுங்கறான். பாலத்த விட்டு."

வெர்லின் பகடைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "நல்லா யோசிச்சியாம்மா?"

தலையாட்டினேன்.

அடி இல்சேயின் முதுகில் விழுந்தது.

செத்தபிறகு மட்டும் எண்ணைச் சொல்வது இந்த மேஜையின் வழக்கம். தாளை வெளிச்சத்தில் வைத்து, கடைசியாக எவ்வளவு மிச்சம் இருந்தது என்று உரக்கச் சொல்லி, மடித்து, வெர்லினின் நீல பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். ட்வைலாவின் தாள் ஒரு கட்டு. பதினோரு வருடம்.

"நாலு" என்றாள்.

"நாலா? எப்ப இருந்து?" என்றான் ஆர்லோ.

"கிறிஸ்துமஸ்ல இருந்து."

மற்றவர்களை ஆற்றிவிட்டு நாலோடு நடந்திருக்கிறாள். அவளும் மறைத்துத்தான் இருக்கிறாள்.

டப்பா மூடிய சத்தம்.

ஆர்லோ என்னைப் பார்க்காமல், பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே: "ஆறு வருஷம் ஆடினான். ஒரு தடவை கூட அவன் பின்னாடி போனதில்ல. ஹால்வர் இத செய்யவே மாட்டான்."

பொடிசு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 10

செய்யவே மாட்டான்.

பிப்ரவரி 11

அம்மா இன்று சொன்னாள். ஆஸ்பத்திரிக் கான்டீனில், தட்டில் வெண்ணெய் தடவாத ரொட்டி.

"இருபதாம் தேதி டாக்டரோட ஒரு கூட்டம் இருக்கு. நீயும் வரணும்."

"என்ன கூட்டம்?"

"மூச்சுக்கு வெச்ச குழாய எடுக்கறதப் பத்தி."

எப்போது தெரியும் என்று கேட்டேன். ஜனவரி முதல் வாரம் என்றாள். ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். ஐந்து வாரமாக ஒவ்வொரு நாளும் என்னோடு அந்த அறையில் உட்கார்ந்து, நான் கேடயம் ஈட்டி என்று அவனிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு—

"ஏம்மா சொல்லல? ஏன்?"

"நீ அவன்கூட அவ்ளோ பேசிட்டு இருந்த. எப்படிடி சொல்றது நான்?"

"கைய அழுத்தினானே!"

"எனக்கும் அழுத்தினான்" என்றாள். "அதுக்கு என்ன அர்த்தம்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அர்த்தம் இல்லன்னாரு."

கத்தினேன். பக்கத்து மேஜையில் ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனார். உனக்கு யாரு உரிமை குடுத்தா மறைக்க, யாரு குடுத்தா, என்று. இதை நான் கத்தினேன். நான்.

பிப்ரவரி 13

ஓஸ்வின் நிற்கிறான். ஓஸ்வின் இன்னும் நிற்கிறான். தாளில் முப்பத்தெட்டு. அப்படியென்றால் ஏன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

போகவில்லை. வெர்லின் போன் செய்தார். எடுக்கவில்லை. குரல்பதிவு: "நாற்காலி இங்கதாம்மா இருக்கு. அவசரம் இல்ல."

பிப்ரவரி 18

ட்வைலா வந்தாள். கையில் ஹாட்டிஷ், கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் சுட்டது, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி. இந்த ஊரில் யாராவது செத்தால்தான் இப்படி எடுத்துக்கொண்டு வருவார்கள். கதவில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா கொண்டுவந்தேன். உள்ள விடுவியா, குளிருது."

உட்கார்ந்தோம். சொல்லிவிட்டேன். பீடிகை எதுவும் இல்லாமல்.

"ஓஸ்வின் செத்துட்டான். ஜனவரி இருபத்தாறு. மைனஸ் மூணு."

"தெரியும்."

"எப்படி?"

"ஒன்பது, பதினஞ்சு, பதினேழு. வெர்லின் அடிய உரக்கத்தானே சொல்றாரு. அவனுக்கு நாப்பதுக்கு மேல இருக்க வழியே இல்ல. காயம் ஆத்தறவ நான். பதினோரு வருஷமா எல்லார் எண்ணையும் மனசுல ஓட்டிட்டுதான் ஆடறேன்."

"அப்புறம் எதுக்குப் பாலத்துல என்னை நம்பின?"

கரண்டியால் உருளைக்கிழங்கின் மொறுமொறுப்பை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவன்தான் நிக்கறான்னு தெரியும். நின்னுடுவான்னு நெனச்சேன்."

அழுதேன். அவள் தொடவில்லை, அது நல்லதாக இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"இல்சேக்குத் தெரியாதே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அவளும் அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். "அதான சட்டம். ஆடறவளுக்குத் தெரிஞ்சத பாத்திரம் எடுத்துக்கக் கூடாது. இத்தன வருஷப் பழக்கம். ஜனவரி இருபத்தாறு உன் மூஞ்சியப் பாத்தேன். எண்ணத் தப்பா சொல்ற ஆளோட மூஞ்சி இல்ல அது. வேற என்னவோ. பாத்துட்டு, இல்சேக்குத் தெரியாது, இல்சேக்குத் தெரியாதுன்னு சாசேஜ வெட்டிட்டு உக்காந்திருந்தேன்."

"கார்கிட்ட வந்து கேட்ட."

"ஒருதடவ கேட்டேன். நீ சிரிச்ச. விட்டுட்டேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "தப்பு. ட்வைலாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ட்வைலா விடாம கேட்டிருக்கணும்."

ஏன் அழிக்கவில்லை என்று சொன்னேன். அண்ணனின் எட்டைக் காட்டினேன். அவள் தாளைத் தொடாமல், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். டப்பாவுக்குப் போகாத மற்றவர் தாளை அவள் பார்ப்பது இதுதான் முதல்முறையாம்.

"பனிமனுஷன்" என்றாள்.

பிறகு நான் இன்னொன்றையும் சொன்னேன், ஜனவரி பதினைந்தாம் தேதி எழுதியதை. ஓஸ்வின் நிற்கும்வரை. அவள் போகும்போது அம்மாவுக்கு ஒரு தட்டு எடுத்துவைக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 20

கூட்டம். வட்ட மேஜை, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஜன்னலில் ஏரி, பனிக்கட்டியாக. டாக்டர் இளையவர். "மீள்ற அறிகுறி எதிர்பார்த்த அளவுல இல்ல" என்று தொடங்கினார்.

"எண்ணச் சொல்லுங்க" என்றேன்.

அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள்.

சொன்னார். தசமப் புள்ளியோடு.

நிகழ்தகவு படித்தவளுக்கு அது புரிய ஒரு நொடி போதும். நான் எடுத்துக்கொண்டது ரொம்ப நேரம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அம்மா கையெழுத்திட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள், நான் போட வேண்டிய அவசியம் இல்லை என்றாலும். போட்டேன்.

திங்கட்கிழமை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ட்வைலாவின் முன் தாள் இல்லை. சும்மா வந்திருக்கிறாள்.

நாற்காலியில் உட்காராமல், ஹால்வரின் தாளை மேஜை நடுவில் விரித்து வைத்தேன். விளக்குக்கு நேர் கீழே.

"மைனஸ் மூணு" என்றேன். "ஜனவரி இருபத்தாறு."

ஆர்லோ ஒவ்வொருவராகப் பார்த்தான். ட்வைலா முகத்தில் ஆச்சரியம் இல்லை. வெர்லின் முகத்திலும்.

"எல்லாருக்கும் தெரியுமா? நான் ஒருத்தன்தான் கேனையனா?"

"நீதான் மேஜையத் தட்டிட்டு இருந்தியே" என்றாள் ட்வைலா.

நாளைக்கு என்ன என்பதையும் சொன்னேன். ஆர்லோ எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய், திரும்பி நின்றுகொண்டான்.

பாலத்தில் நடந்ததை அழித்துவிட்டு மறுபடி ஆடலாமா, இல்சேயை டப்பாவிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்று எழுதுவதுதான் சரி.

"வேணாம்" என்றாள் ட்வைலா. "அவ போயிட்டா. இருக்கட்டும்."

வெர்லின் மறைப்பு அட்டையை மடித்துக் கீழே வைத்தார். அவர் மடி முழுக்கப் பகடைகள், எழுதிய சீட்டுகள். நான் முதல்முறை பார்க்கிறேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் இருபத்தாறாம் தேதியே விழுந்துட்டான்னா, அதுக்கப்புறம் கேடயத்தத் தூக்கிட்டு நடந்தது யாரு?"

"நான்."

"அப்ப பாலத்துல பின்னாடி போனது?"

"நான்தான்."

"சரி. அப்ப ஓஸ்வின் போகல."

படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஆர்லோவின் குரல், மூக்கடைத்துக்கொண்டு: "அதானே. நான் சொன்னேன்ல."

தாளை மடிக்கும் முன் கடைசி எண்ணை எழுத வேண்டும். ரப்பரை எடுத்தேன். ஆறு வாரத்துக்கு முன் இருந்த அதே கை. "அழிக்க வரல" என்றேன்.

"அழிக்கச் சொன்னது யாரு?" என்றார் வெர்லின். "பக்கத்துல எழுது."

பக்கத்தில் எழுதலாம். ஆறு வாரமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

38. அதன் பக்கத்தில் என் கையெழுத்தில், -3. டப்பாவில் இல்சேயின் கட்டுக்கு மேல் வைத்தேன்.

பிப்ரவரி 27

குழாயை எடுத்து மூன்றாம் நாள், காலை பத்து மணி பதினேழு நிமிடம். அம்மா ஒரு கை, நான் ஒரு கை.

விரல்கள் அழுத்தவில்லை. நான் அழுத்தினேன்.

மார்ச் 4

அடக்கம் முடிந்தது. ஃப்ரிட்ஜில் ஒன்பது ஹாட்டிஷ். அம்மாவும் நானும் நின்றுகொண்டே ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம். "இனிமே எதுவும் மறைக்க மாட்டேன்" என்றாள். "நானும்" என்றேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு நிச்சயம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

புதுத் தாள். பெயர் இன்னும் வைக்கவில்லை. என் கையெழுத்து, குமாஸ்தா மாதிரிதான், பரவாயில்லை. ட்வைலாவும் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள், இந்தமுறை காயம் ஆற்றுகிறவள் இல்லையாம். "போதும்பா. நான் ஒரு வில்லாளி. தூரத்துல நின்னு அடிக்கப் போறேன்."

முதல் சண்டையிலேயே எனக்கு ஆறு.

"எப்படி இருக்கு?" என்றார் வெர்லின், வழக்கப்படி.

உடம்பைச் சொல்ல வாயெடுத்தேன். ட்வைலா என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு மிச்சம்?" என்றாள்.

வெர்லின் மறைப்பு அட்டைக்குப் பின்னால் எதையோ தேட ஆரம்பித்தார், இல்லாத எதையோ.

"அஞ்சு" என்றேன்.

"எனக்கு ஒன்பது" என்றாள் அவள்.

"ஐயையோ, சட்டம் போச்சு தலைவா" என்றான் ஆர்லோ. "சரி, எனக்கு ரெண்டு. யாராச்சும் காப்பாத்துங்க."

சற்று நேரம் கழித்து, "இந்த நாற்காலி ஆடுது" என்றேன்.

ஆர்லோ ஓர் அட்டையை நாலாக மடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போனான். "எந்தக் கால், பொடிசு?"